வாத்தியாரான பிறகும் மாணவராக இருந்தவர்
தவத்திரு தனிநாயகம் அடிகளார்



பரிசளிப்பு விழா என்றால் நம் பள்ளிக்கு அது இன்னொரு தீபாவளி. அன்றைக்கு மட்டும் எல்லாப் பிள்ளைகளும் தலைக்கு எண்ணெய் தடவி, படிய வாரி, தேய்த்த சட்டையோடு வந்து நிற்பார்கள். பால் வெட்டிவிட்டு அவசர அவசரமாய்க் குளித்துவிட்டு வரும் தாய்மார்கள் ஒரு பக்கம். செனவாங் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்துத் தூக்கக் கண்ணோடு வரும் தகப்பன்மார்கள் இன்னொரு பக்கம். மேடையில் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டதும் ஒரு கைத்தட்டல் எழும் பாருங்கள், அதைக் கேட்பதற்காகவே ஒரு வருடம் பாடம் நடத்தலாம்.

அந்தக் கைத்தட்டலுக்கு நடுவில் எனக்கு ஒரு கேள்வி எழுவது உண்டு. கிண்ணம் வாங்குகிற பிள்ளையை எல்லோருக்கும் தெரிகிறது. அந்தப் பிள்ளையின் விரலைப் பிடித்து முதன்முதலில் 'அ' எழுத வைத்தவர் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்டுப் பாருங்க, பிள்ளையே கொஞ்சம் யோசிக்கும்.

நல்ல ஆசிரியர்களைப் பாராட்டுவதற்கு நாள்கள் இல்லாமல் இல்லை. 1956 மே 16-இல் ரசாக் கல்வி அறிக்கையைக் கூட்டரசு சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த நாளையே நாம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். தமிழ்நாட்டில் செப்டம்பர் 5. ஆசிரியராக இருந்து இந்தியக் குடியரசுத் தலைவரான டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த நாள் அது. 1994 முதல் அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாளாக இருக்கிறது. நாள்கள் இத்தனை இருந்தும், எந்த ஆசிரியரைப் பாராட்ட வேண்டும், எதற்காகப் பாராட்ட வேண்டும் என்பது நமக்குத் தெளிவாக இல்லை. அதைத் தெளிவாக்க ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லுகிறேன். அவர் நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். உலகத் தமிழ் மாநாடு என்ற சொல்லை நமக்குத் தந்தவர். பெயர் தனிநாயகம் அடிகளார். பெயரைப் பெரியவர்கள் கேட்டிருப்பீர்கள். கதையைப் பிள்ளைகள் கேட்டிருக்க மாட்டார்கள்.

தீவில் பிறந்த பிள்ளை

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் சிறு சிறு தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் பிறந்தவர் அடிகளார். கத்தோலிக்கக் குடும்பம். சேவியர் என்பது பெற்றோர் இட்ட பெயர். தனிநாயகம் என்னும் தமிழ்ப் பெயர் பின்னாளில் அவரோடு சேர்ந்து, அதுவே நிலைத்துவிட்டது. சின்ன வயதிலேயே தாயை இழந்தவர்.

ஊரில் புனித அந்தோனியார் கல்லூரியிலும், யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். அந்தக் காலத்தில் நல்ல பள்ளிக்கூடம் என்றால் ஆங்கிலப் பள்ளிக்கூடம்தான். ஆங்கிலம் நன்றாக வந்தது. தமிழ் வீட்டில் பேசுகிற அளவோடு நின்றது. பிறகு குருவாக வேண்டும் என்று கொழும்பில் குருமடத்தில் சேர்ந்தார். அங்கிருந்து உரோமாபுரிக்குப் போய் 1934 முதல் 1939 வரை படித்தார். 1938-இல் குருப்பட்டம் பெற்றார். இலத்தீனும் இத்தாலியமும் வேறு பல ஐரோப்பிய மொழிகளும் அவருக்கு வசமாயின.

உரோமில் படிக்கும்போது அவர் மனத்தில் ஓர் உறுத்தல் வந்தது. இத்தாலி நாட்டில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரைப் பற்றி அங்கே உள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழராகப் பிறந்த தமக்கோ அந்தத் தமிழே முழுதாகத் தெரியவில்லை. அங்கிருந்த தமிழ் மாணவர்களைச் சேர்த்து வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகம் அமைத்தார். ஆசை முளைத்துவிட்டது. ஆனால் படிப்பு இன்னும் வரவில்லை.

வடக்கன்குளத்து வகுப்பறை

1940-இல் அவர் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊருக்கு வந்தார். அங்கே புனித தெரசாள் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் பொறுப்பு. வயது 27. உரோமில் படித்துப் பட்டம் வாங்கிய குரு. சுற்றியுள்ள கிராமத்தில் அவரைக் கண்டால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

இப்படிப்பட்ட ஒருவர் என்ன செய்வார்? நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தெரிந்ததை வைத்தே காலத்தை ஓட்டலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அடிகளார் அப்படிச் செய்யவில்லை. தமக்குத் தமிழ் தெரியாது என்பதை முதலில் தமக்குத் தாமே ஒப்புக்கொண்டார். அந்தப் பள்ளியில் இருந்த தமிழ்ப் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராகச் சேர்ந்தார். பகலில் ஆசிரியர், மற்ற நேரத்தில் மாணவர். நான்கு ஆண்டுகளுக்கு மேல் சங்க இலக்கியமும் திருக்குறளும் கற்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கற்றுக்கொண்டவர் கத்தோலிக்கக் குரு. கற்றுக் கொடுத்தவர் ஐயர். பொறுப்பில் மாணவர் மேலே, ஆசிரியர் கீழே. இதில் எதையும் இருவரும் பார்க்கவில்லை. பாடம் நடந்தது. அவ்வளவுதான். தமக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் பாடம் கேட்பது லேசான காரியமா? பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற எங்களைக் கேளுங்கள், சொல்லுகிறோம்.

உண்மையைச் சொன்னால் எனக்கே இதில் வெட்கம் உண்டு. பயிற்சி முடித்துச் சான்றிதழ் கையில் வந்த அன்றைக்கு, இனிமேல் படிக்க வேண்டியது இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். புத்தகத்தைப் பெட்டியில் வைத்தேன். சில வருடங்கள் அப்படியே போயின. ஒரு நாள் நாலாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்றேம்மா என்று சமாளித்தேன். அன்று இரவுதான் பெட்டியைத் திறந்தேன்.

அடிகளாரோ அதோடும் நிற்கவில்லை. 1945-இல் ஆசிரியப் பொறுப்பை விட்டுவிட்டுச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 32 வயது. இப்போது நான் இருக்கிற வயதுக்குப் பக்கம். 1949 வரை அங்கே படித்து முதுகலைப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் பெற்றார். சங்கப் பாட்டில் மலையும் காடும் வயலும் கடலும் எப்படி வருகின்றன என்பதே அவருடைய ஆராய்ச்சி. அது பின்னர் ஆங்கிலத்தில் நூலாக வந்து, தமிழ் தெரியாதவர்களும் சங்கப் பாட்டைத் திரும்பிப் பார்க்கச் செய்தது.

தமிழுக்குத் தூது

படித்ததைப் பெட்டியில் பூட்டி வைக்கிறவர் அல்லர் அடிகளார். 1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். 1949 முதல் 1951 வரை ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று நாடு நாடாகப் போய்த் தமிழைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். 1952-இல் தமிழ்ப் பண்பாட்டுக்கென்று ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி இதழ் தொடங்கினார். தமிழ்த்தூது, ஒன்றே உலகம் என்று தமிழில் எழுதிய நூல்களும் உண்டு.

போகிற ஊரிலெல்லாம் அவர் முதலில் தேடியது பழைய நூலகங்களை. 1554-இல் போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பனில், உரோமன் எழுத்தில் தமிழ் அச்சான ஒரு சிறு நூல் உண்டு. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் உண்டு. இவற்றைப் பற்றித் தமிழ் உலகம் அறியச் செய்தவர்களில் அடிகளார் முக்கியமானவர். 1679-இல் அச்சான தமிழ் – போர்ச்சுக்கீசிய அகராதி ஒன்றையும் வெளிக்கொணர்ந்தார். அந்த அகராதி மறுபடியும் அச்சானது எங்கே தெரியுமா? நம் கோலாலம்பூரில், 1966-இல், மலாயாப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக.

பாணர் ஒரு வாத்தியார்

1952 முதல் அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளர். ஆசிரியர் ஆக வருகிறவர்களுக்கு ஆசிரியர் என்று சொல்லலாம். அந்தக் காலத்தில்தான் இலண்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார். எதைப் பற்றி? பழந்தமிழர் கல்வியைப் பற்றி. அந்தக் காலத்துத் தமிழருக்கு யார் பாடம் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பதைப் பற்றி.

அவர் காட்டிய விடை நம் போன்றவர்களுக்கு இனிப்பானது. ஆதியில் பள்ளிக்கூடம் கிடையாது. யாழைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராய் நடந்த பாணரும், ஆடிப் பாடிய விறலியரும்தாம் மக்களுக்குக் கதையும் பாட்டும் பழைய செய்தியும் கற்பித்தவர்கள். அவர்களுக்குப் பின் வந்த புலவர்கள் அரசனுக்கே பாடம் சொன்னார்கள். தவறு செய்த அரசனைத் தட்டிக் கேட்டார்கள். புலவர்களில் பெண்களும் இருந்தார்கள். பிறகு சமணத் துறவியரும் பௌத்தத் துறவியரும் கல்வி தந்தார்கள். கிரேக்க நாட்டிலும் உரோமிலும் கல்வி வளர்ந்த விதத்தோடு இதை ஒப்பிட்டுக் காட்டினார் அடிகளார்.

அந்தக் காலத்தில் கற்பித்தவருக்கு மரியாதை எப்படி இருந்தது? மோசிகீரனார் என்ற புலவர் களைத்துப்போய், வெறுங்கட்டில் என்று நினைத்து முரசு வைக்கிற கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். அது அரசனின் வீரத்துக்கு அடையாளமான இடம். வேறு யாராக இருந்தாலும் தலை போயிருக்கும். சேரமான் பார்த்தான். வாளை எடுக்கவில்லை. விசிறியை எடுத்து வீசினான். பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியனோ, ஆசிரியருக்குத் துன்பம் வந்தால் உதவ வேண்டும், பொருள் கொடுக்க வேண்டும், வணங்கி நின்று கற்க வேண்டும் என்று தானே பாடி வைத்தான். ஆக, ஆசிரியரைப் போற்றுவது நமக்குப் புதிது அல்ல. நடுவில் மறந்துபோனோம்.

நம் தோட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில்தான், பத்துப் பிள்ளைகளுக்கு மேல் உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்ற விதி வந்தது. நிர்வாகம் ஒரு கொட்டகையைப் போட்டுக் கொடுக்கும். கங்காணியோ கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் வாத்தியார் ஆவார். அந்தக் கொட்டகையில் எத்தனையோ பேர் மனமாரக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?

ஒரு வெள்ளியில் கட்டிய நாற்காலி

1956-இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அடிகளார் வாய் மூடி இருக்கவில்லை. தமிழரின் மொழி உரிமைக்காகப் பேசினார், எழுதினார். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குப் பேராசிரியராகவும் தலைவராகவும் வந்து சேர்ந்தார்.

பெற்றோர்களே, அந்தத் துறையில் தமிழுக்கு இடம் கிடைத்ததில் உங்கள் தாத்தா பாட்டிகளுக்கும் பங்கு உண்டு. அந்தத் துறை 1956-இல் தொடங்கியது. அதில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கமே நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். தோட்டத்துச் சனங்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். என் பாட்டி சொல்வார்: எதுக்குன்னு முழுசா வெளங்கல, தமிழுக்குன்னாங்க, தாத்தா முந்தியிலிருந்து எடுத்துக் குடுத்துட்டாரு என்று. நாள் கூலி இரண்டு மூன்று வெள்ளியாக இருந்த காலத்தில் ஒரு வெள்ளி சின்னத் தொகை இல்லை. அப்படிச் சேர்ந்த வெள்ளிகளின் பலத்தில் தமிழ் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. அந்த நாற்காலியில்தான் பின்னர் அடிகளார் வந்து அமர்ந்தார்.

அமர்ந்தவர் அதன் அருமை அறிந்தவர். 1969 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் துறையை உலகம் அறியச் செய்தார். 1964 ஜனவரியில் டில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியது. அங்கே வந்திருந்த தமிழறிஞர்களைச் சேர்த்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைக்க முன்னின்றார். பிரெஞ்சு நாட்டுப் பேராசிரியர் பிலியோசா அதற்குத் தலைவர் ஆனார். முதல் மாநாடு எங்கே? சென்னையிலா, மதுரையிலா? இல்லை. 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில்! பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டு முதலமைச்சர் பக்தவத்சலம் வந்தார். இருபது நாடுகளுக்கு மேலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். செக் நாட்டுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் சங்க இலக்கியம் பேசினார்கள். பால்மரத்து மக்கள் என்று மட்டுமே நம்மை அறிந்திருந்த ஊரில், இவர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான இலக்கியம் இருக்கிறது என்று அந்த ஒரு வாரம் எடுத்துச் சொன்னது.

அடுத்து 1968-இல் சென்னை, 1970-இல் பாரிஸ், 1974-இல் யாழ்ப்பாணம். யாழ்ப்பாண மாநாட்டின் கடைசி நாள் கூட்டத்தில் உயிர்கள் பலியான துயரமும் நடந்தது. தாம் பிறந்த மண்ணில் நடந்த விழா அப்படி முடிந்தது அவருக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்! 1980 செப்டம்பர் 1-ஆம் நாள் அடிகளார் மறைந்தார். அடுத்த மாநாடு 1981 ஜனவரியில் மதுரையில் நடந்தபோது அவர் இல்லை. அந்த ஊரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நம் கோலாலம்பூரில் 1987, 2015, 2023 ஆண்டுகளிலும் அந்த மாநாடு கூடியது. அவர் நட்ட மரம் இன்னும் காய்க்கிறது.

நமக்கு என்ன பாடம்?

சிலை வைத்தார்கள், சரி. அந்தச் சிலைக்குப் பக்கத்தில் என் மனக்கண்ணுக்கு இன்னொருவர் தெரிகிறார். வடக்கன்குளத்துப் பண்டிதர். அவர் உலகம் சுற்றவில்லை. மாநாடு கூட்டவில்லை. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான் செய்தார். அவர் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருந்தால், ஒரு குரு எப்படியும் இருந்திருப்பார். தனிநாயகம் அடிகளார் இருந்திருப்பாரா?

சிறந்த ஆசிரியர் என்று யாரைச் சொல்வது என்று கேட்டால் இரண்டு பேரைக் காட்டுவேன். ஒருவர், தமக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் கொடுத்த பண்டிதர். இன்னொருவர், தெரியாததை ஒப்புக்கொண்டு கற்ற அடிகளார். நல்ல தலைமையாசிரியருக்கும் இதுவே அளவுகோல். கட்டடமும் கேடயமும் வேண்டியவைதாம். ஆனால் தம் பள்ளியில் யாரிடம் என்ன திறமை இருக்கிறது என்று அறிந்து, அதன்முன் தலை வணங்கத் தெரிந்தவரே தலைமையாசிரியர்.

பாரோய் வட்டாரத்தில் பால்மரம் நின்ற இடங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் காலியாகின்றன. பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் போடலாமா, வேறு பள்ளிக்கு அனுப்பலாமா என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடக்கிறது. தமிழ் சோறு போடுமா வாத்தியாரே என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற கவலையில் கேட்கிறார்கள். ஆனால் பாருங்க, ஐரோப்பிய மொழிகளையெல்லாம் கற்ற ஒருவர் 27 வயதில் தமக்கு என்ன குறை என்று தேடியபோது, அந்தக் குறை தமிழாக இருந்தது. உங்கள் பிள்ளைக்கு ஏழு வயதில் அது இலவசமாகக் கிடைக்கிறது. மலாயும் ஆங்கிலமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடிகளாரும் சொன்னதில்லை. எல்லாம் வேண்டும், வேரும் வேண்டும்.

ஆகையால் உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளே, வீட்டுக்குப் போனதும் அம்மா அப்பாவிடம், அவர்களுக்கு முதல் எழுத்துச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் பெயரைக் கேளுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். வந்த பெயர்களையெல்லாம் ஒரு பெரிய அட்டையில் எழுதிப் பள்ளி மண்டபத்தில் மாட்டுவோம். கொட்டகையில் பாடம் சொன்ன கங்காணி பெயரும் அதில் வரட்டும், பட்டம் பெற்ற ஆசிரியர் பெயரும் வரட்டும். அடுத்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவில், முதல் கைத்தட்டல் அந்தப் பெயர்களுக்கு.

பெற்றோர்களே, அந்த ஆசிரியர்களில் யாராவது இன்னும் உயிரோடு இருந்தால், ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பொன்னாடை வேண்டாம், மாலை வேண்டாம். நீங்க சொல்லிக் குடுத்ததை மறக்கலைங்கய்யா என்று ஒரு வார்த்தை போதும். விசிறி வீசிய சேரமான் செய்ததும் அதுதான்.